பேசாமல் நிற்பதா ஒற்றுமை?

அன்புள்ள ஐயா,

உக்ரைன் போர் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு சந்தேகம். ஐரோப்பிய ஒன்றியம் பொதுவான விழுமியங்கள் என்கிறது. ஆனால் 2023 டிசம்பரில் உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை ஹங்கேரி தனியாக நின்று தடுத்தது. எல்லா நாடும் ஒப்ப வேண்டும் என்ற விதியை நீக்கினால் என்ன? போர்க்காலத்தில் சிறிய நாடுகள் பெரிய நாடுகளின் பின்னால் பேசாமல் நிற்பதுதானே ஒற்றுமை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச காலமாக இதைப் பற்றியேதான் வாசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் உடனே எழுதுகிறேன். விதியை நீக்குவதா என்பதைச் சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும். அந்த உதவிக்கு 2024 பிப்ரவரி 1 அன்றே ஹங்கேரியும் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் உங்கள் கடைசி வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! பேசாமல் நின்றவர்களுக்கு என்ன ஆனது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

அட்லாண்டிக் சாசனத்தை எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கோபத்தோடுதான் நடத்துவார். 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் வெளியிட்டது. மக்களின் விருப்பம் இல்லாமல் எந்த எல்லையும் மாறக்கூடாது என்றது. அடுத்த மாதமே சர்ச்சில் பாராளுமன்றத்தில், இது முதன்மையாக நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளை மனதில் வைத்து எழுதியது, இந்தியா வேறு விஷயம் என்றார். பேராசிரியர் அங்கே நிறுத்திவிடுவார். சரி, அந்த ஐரோப்பிய நாடுகளுக்காவது அது பொருந்தியதா என்று பார்க்க எனக்குப் பல வருடம் ஆனது.

போலந்துக்காகத்தான் பிரிட்டன் 1939 செப்டம்பரில் போரில் இறங்கியது. சாசனத்தைப் போலந்தும் ஏற்றது, சோவியத் யூனியனும் ஏற்றது. 1943 ஏப்ரலில் ரஷ்யாவில் ‘காட்டின்’ (Katyn) என்ற ஊரருகே உள்ள காட்டில் போலந்து அதிகாரிகளின் புதைகுழிகளை ஜெர்மானியர்கள் அறிவித்தார்கள். நேச நாடுகளைப் பிரிக்கத்தான் கோயபல்ஸ் அதைப் பயன்படுத்தினார், உண்மை. ஆனால் 1940-ல் ஏறத்தாழ 22,000 போலந்துக்காரர்களைக் கொன்றது ஸ்டாலினின் போலீஸ் என்பதும் உண்மை. நாட்டை இழந்து லண்டனில் இருந்த போலந்து அரசு கேட்டது ஒன்றே ஒன்று: செஞ்சிலுவைச் சங்கம் விசாரிக்கட்டும். ஸ்டாலின் உடனே உறவை முறித்தார். அந்த அரசுக்கான பிரிட்டிஷ் தூதர் ஓவன் ஓமாலி மே மாதமே சோவியத்தின் கை இருக்கிறது என்று அறிக்கை எழுதினார். சர்ச்சில் படித்தார், ரூஸ்வெல்ட்டுக்கும் அனுப்பினார். வெளியில் ஒரு வார்த்தை இல்லை.

ஸ்டாலின் இல்லாமல் ஹிட்லரைத் தோற்கடிக்க முடியாது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன், போரின் பெரும்பாரத்தைச் செஞ்சேனைதான் சுமந்தது. ஆனால் அந்த மௌனம் போரோடு முடிந்ததா? 1976-ல் லண்டன் கல்லறைத் தோட்டம் ஒன்றில் ‘காட்டின்’ படுகொலைக்கான நினைவுச்சின்னம் திறந்தபோதுகூட பிரிட்டிஷ் அரசு தன் பிரதிநிதியை அனுப்பவில்லை. கல்லில் 1940 என்று பொறித்திருந்தார்கள், அதுதான் உறுத்தியது. ஜெர்மானியர்கள் அந்தப் பகுதியைப் பிடித்தது 1941-ல், அதனால் 1941 என்று போட்டிருந்தால் பழி ஜெர்மனியின் மேல் விழுந்திருக்கும். முப்பது வருடத்துக்குப் பிறகும் யாரைத் தோற்கடிக்க அந்த மௌனம் தேவைப்பட்டது? மாஸ்கோ ஒப்புக்கொண்டது 1990-ல்.

எனக்குத் தாங்க முடியாதது இன்னொன்று. 1943 கடைசியில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் ஸ்டாலினும் கூடிய தெஹ்ரான் மாநாட்டில், போலந்தின் எல்லைகளை மேற்கே நகர்த்துவது எப்படி என்று சர்ச்சில் மூன்று தீக்குச்சிகளை வைத்துக் காட்டினார். அந்த அறையில் ஒரு போலந்துக்காரரும் இல்லை. 1944 மே 18 அன்று இத்தாலியில் மான்டே காசினோ மடத்தில் போலந்துக் கொடியை ஏற்றிய போலந்துத் தளபதி ஆண்டர்ஸின் படையில் பலர் கிழக்குப் போலந்துக்காரர்கள். சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, விடுதலையாகி, ஈரான் வழியாக வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் சண்டையிட்டு ஏறிய அந்த மலைச்சரிவில் 900 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுடைய ஊர்களை நண்பர்கள் ஏற்கனவே ஸ்டாலினுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். தெஹ்ரானில் எல்லாம் முடிந்துவிட்டது என்பது போலந்துப் பிரதமர் மிகோலாய்ச்சிக்குக்கே 1944 அக்டோபரில்தான் தெரிந்தது, அதுவும் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் வாயிலிருந்து. அந்த முடிவை உறுதிசெய்த 1945 பிப்ரவரி யால்டா மாநாட்டுக்குப் பிறகும் அந்தப் படை கலையவில்லை. ஏப்ரலில் இத்தாலியின் பொலோன்யா நகரை மீட்டது. இவர்களைவிட விசுவாசமான கூட்டாளி யார்?

ஹங்கேரி செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. அடிபடுகிறவனுக்குப் போகும் உதவியை மறிப்பதும், என் பிள்ளைகளைக் கொன்றது யார் என்று கேட்பதும் ஒன்றாகாது. இரண்டையும் ‘ஒற்றுமைக்குக் குந்தகம்’ என்று நீங்கள் ஒரே கூடையில் போடுவதுதான் எனக்கு வருத்தம். நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறீர்கள், தெரிகிறது. ஓமாலியின் அறிக்கை இப்போது பொதுவில் கிடைக்கிறது, நீளமும் இல்லை. படித்துவிட்டு எழுதுங்கள், அப்புறம் ஹங்கேரியைப் பற்றிப் பேசலாம்.