மெய்யான சீஷன் யார்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

குழித்துறை ஆற்றின் இரு கரையிலிருந்தும், எல்லை தாண்டி கேரளத்துப் பாறசாலையிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. யார் எந்தச் சபை என்று நான் கேட்கவில்லை.

களியக்காவிளை: ஐயா, ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. பாடகர் குழுவிலும் இருக்கிறேன். இது போதாதா?

நல்ல காரியம் தம்பி, விட்டுவிடாதீர்கள். ஆனால் மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில் வெளியே தள்ளப்படுகிறவர்கள், கர்த்தாவே என்று கூப்பிட்டவர்கள்தான். தீர்க்கதரிசனம் சொன்னவர்கள், பிசாசு துரத்தியவர்கள்கூட அதில் இருக்கிறார்கள். பிதாவின் சித்தத்தைச் செய்தாயா என்பதுதான் அங்கே கேள்வி.

குலசேகரம்: ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறேன். ஷீட் காயவில்லை என்று சொல்லி எடையில் கூடுதலாகக் கழித்தே பல வருஷம் சம்பாதித்தேன். இப்போது மனந்திரும்பிவிட்டேன். காணிக்கையாக ஒரு தொகை கொடுத்தால் மனசு ஆறுமா?

ஆறாது. வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லூக்கா 19-இல் வரி வசூலித்த சகேயுவைப் பாருங்கள். ஏமாற்றியதைத் தானே ஒத்துக்கொண்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடு என்றுதான் லேவியராகமம் 6 கேட்டது. அவனோ நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். அதற்கு மேல் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு என்றான். அதைச் சொன்ன பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்கிறார்.

பழைய பற்று நோட்டை எடுங்கள். யாரிடம் எத்தனை கிலோ வாங்கினீர்கள் என்று அதில் இருக்கும். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்க் காரணத்தைச் சொல்லியே கொடுங்கள். ஆள் இறந்துபோயிருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். அந்தப் பணத்தை எந்த ஊழியக்காரர் கையிலும் கொடுத்துக் கணக்கை முடிக்காதீர்கள். ரப்பர் பால் வெட்டியவனுக்குச் சேர வேண்டியது அவனுக்கே சேர வேண்டும்.

பாறசாலை: ஜெபத்தில் ஆவியில் நிறைந்து, கேட்பவர்களுக்குப் புரியாத அந்நியபாஷை பேசாதவன் மெய்யான விசுவாசியா?

எல்லாரும் அந்நியபாஷை பேசுகிறார்களா என்று பவுலே கேட்கிறார், 1 கொரிந்தியர் 12. அடுத்த அதிகாரத்தில், அன்பு இல்லாவிட்டால் அந்தப் பாஷையும் வெறும் சத்தம் என்கிறார். கைவைத்து ஜெபிக்கக் காசு கேட்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள்.

கருங்கல்: குழந்தை ஞானஸ்நானமா, முழுக்கா?

உங்கள் ஆயரிடம் கேளுங்கள்.

அருமனை: பெண் வீட்டார் மனசார நகையும் நிலமும் தருகிறார்கள். வாங்கினால் பாவமா?

தகப்பன் மகளுக்குக் கொடுப்பது பாவமில்லை. பேரம்தான் பாவம். தரகர் ஒரு தொகையைச் சொன்ன பிறகு "அவர்கள் விருப்பம்" என்று பேசுவது பொய். 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம்.

மறுபடியும் அருமனை: சட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்? ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்கு நகை கொடுக்கவில்லையா?

கொடுத்தான். ஆதியாகமம் 24-ஐ நிதானமாக வாசியுங்கள் அக்கா. அந்த நகை மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போனது. பிறகு ராகேலுக்காக ஏழு வருஷம் ஆடு மேய்த்ததும் மாப்பிள்ளை யாக்கோபுதான். அந்த வேதப் பகுதியைப் பின்பற்றுவதாக இருந்தால், நகையைச் சுமந்துகொண்டு நீங்கள்தான் போக வேண்டும்.

மார்த்தாண்டம்: மகனைப் படிக்க வைத்த செலவு இருக்கிறதே ஐயா?

பெண்ணின் அப்பாவும் அவளைப் படிக்க வைத்தார். அந்தச் செலவை அவருக்கு யார் தருவார்?

தக்கலை: அந்நியபாஷை பற்றி...

மேலே சொல்லிவிட்டேன்.

பளுகல்: நகை போடலாமா? அந்நியபாஷை கட்டாயமா?

நகையை விடுங்கள், அதை வாங்கிய காசு எப்படி வந்தது என்று பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு இனிமேல் பதில் இல்லை.

நட்டாலம், கல்லூரி மாணவி: எங்கள் ஊரில் பிறந்த தேவசகாயம் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தார். இன்றைக்கு எங்களை யாரும் சுடப்போவதில்லை. நாங்கள் எப்படிப் பின்பற்றுவது?

நல்லா கேட்டாய் மக்களே. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1752-இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். 2022-இல் புனிதர் பட்டம் கிடைத்தபோது நம் ஊரெல்லாம் கொண்டாடியது. உயர்ந்த சாதியில் பிறந்த அவர், தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். பலருக்குப் பொறுக்காமல் போனதில் அதுவும் ஒன்று. இன்றைக்கு "மணமகள் தேவை" விளம்பரத்தில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியையும் போடுகிறோம். உன் கல்யாணப் பேச்சு வரும்போது, சாதி பார்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல். அவரைப் பின்பற்ற உனக்கு அங்கே இடம் இருக்கிறது.

அருமனை அக்கா, மூன்றாவது முறை: நிச்சயம் முடிந்து, தொகையும் பேசியாயிற்று. முன்பணமும் கைக்கு வந்துவிட்டது. இனி என்ன செய்ய?

கல்யாணம் நடக்கட்டும், தொகை வேண்டாம். முன்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். தரகரை அனுப்பாதீர்கள். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நேரில் போங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.