முன்னால் நடப்பவர்

அன்புள்ள ஐயா,

லுவாங்வா பள்ளத்தாக்கில் நடந்த அனுபவத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அதை ஒட்டி ஒரு கேள்வி. ஆப்பிரிக்க வேட்டை வீடியோக்களை அடிக்கடி பார்ப்பவன் நான். முந்நூறு மீட்டர் தள்ளி நின்று, தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியால் சுடுபவர்கள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் காட்டெருமையையோ யானையையோ நடந்தே பின்தொடர்ந்து, முப்பது நாற்பது அடியில் நின்று சுடுகிறவரை அப்படி ஒதுக்க முடியவில்லை. அவர் தன் உயிரையும் பணயம் வைக்கிறார் அல்லவா? முயலைக் கொன்ற அம்பைவிட யானையைக் குறிவைத்த வேல் இனிது என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். கடையில் கோழி வாங்கித் தின்னும் நமக்கு அவரைக் குறை சொல்ல என்ன தகுதி இருக்கிறது? அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது நெஞ்சு படபடக்கிறது. அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. இதில் தவறு உண்டா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

படபடப்பிலிருந்தே தொடங்குகிறேன். அது எனக்கும் தெரியும் என்பதால்.

ஜாம்பியாவில் வேலை பார்த்த காலத்தில்தான் தெற்கு லுவாங்வாவுக்குப் போனேன். அந்தக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்ட ஒரு காலைப் பொழுது உண்டு. நாங்கள் வரிசையாக நடந்தோம். முதலில் ரைபிளுடன் வனக்காவலர், அடுத்து வழிகாட்டி, அப்புறம் நாங்கள் நான்கு பேர், கடைசியில் தேநீர்ப் பை சுமந்து வந்த இளைஞர். பாதையில் கிடந்த சாணத்தின்மேல் காவலர் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றோம். வழிகாட்டி சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய சாக்ஸை எடுத்து உதறினார். அதற்குள் சலித்த சாம்பல். அது மெல்லப் பறந்து எங்கள் முகத்துக்கு வந்தது. காற்று எதிரிலிருந்து வருகிறது, எங்கள் வாடை அந்தப் பக்கம் போகாது என்று அர்த்தம்.

எனக்கு எதிரே புதர் மட்டும்தான் தெரிந்தது. திடீரென்று அந்தப் புதருக்குள்ளிருந்து, மாட்டின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் சிவந்த அலகுள்ள சின்னப் பறவைகள் இரண்டு சீறிக்கொண்டு எழுந்தன. அவை எழுந்த இடத்தில்தான் எருமை நின்றது. (நம் ஊரில் காட்டெருமை என்று சொல்வது பெரும்பாலும் காட்டு மாட்டைத்தான். இது வேறு, எருமைக் கூட்டத்தைச் சேர்ந்தது.) கிழட்டுக் கடா. உடம்பெல்லாம் சேறு காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு கொம்புகளும் நெற்றியில் ஒன்றாகச் சேர்ந்து, தலையில் பாறையைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தன. ஐம்பது அடி இருக்கும். அது மூக்கைத் தூக்கி எங்களைப் பார்த்தது. என் வாயில் எச்சில் வற்றிப்போனது. முன்னால் நின்றவரின் சட்டைக் காலரில் ஒரு நூல் பிரிந்திருந்தது இன்றுவரை நினைவிருக்கிறது. அவ்வளவு கூர்மையாக நான் எதையும் அதற்கு முன் பார்த்ததில்லை. மெதுவாக, முகத்தைத் திருப்பாமல், பின்வாங்கினோம். அவ்வளவுதான் நடந்தது.

அதனால் அந்தச் சிலிர்ப்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது வருவதில் தவறும் இல்லை. நம்மைக் கொல்லக்கூடிய ஒரு உயிரின் முன்னால் நடந்து போய் நிற்கும்போது உடம்பு முழுவதும் விழித்துக்கொள்கிறது. ஆனால் அன்று எதுவும் சாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிட்டே போவதும் கொல்வதும் இரண்டு தனித்தனிக் காரியங்கள். உங்கள் கடிதம் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறது. முதலாவதில் இருக்கும் மதிப்பை எடுத்து இரண்டாவதற்குக் கொடுக்கிறீர்கள்.

கிட்டே போய்ச் சுடுவதே நேர்மை என்று வேட்டைக்காரர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. தூரம் குறைந்தால் குறி தப்பும் வாய்ப்பு குறையும், விலங்கு காயத்தோடு அலையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற டபிள்யூ.டி.எம். பெல், யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தார். அவ்வளவு பெரிய தலைக்குள், மிகவும் பின்னால், ஒரு பெரிய ரொட்டி அளவில்தான் அது இருக்கிறது. எதிரே நின்று சுட்டால், யானை ஒவ்வொரு அடி நெருங்கும்போதும் குறிவைக்க வேண்டிய இடமும் மாறும். இதையெல்லாம் கற்றுக்கொண்டு ஒரே குண்டில் முடிக்கிறவர் விலங்குக்குத் துன்பம் குறைவாகக் கொடுக்கிறார், சரி.

ஆனால் 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயில், ஹ்வாங்கே தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே சிசில் என்ற சிங்கம் எப்படிச் செத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டி ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்த சிங்கம் அது. அமெரிக்காவிலிருந்து வந்தவர் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடினார். துப்பாக்கியைவிட வில்லுக்கு இன்னும் கிட்டே போக வேண்டும், ஆகவே அதுதான் உயர்ந்த வேட்டை என்று அந்த வட்டத்தில் பெருமையாகச் சொல்வார்கள். முதல் அம்பு சிங்கத்தைக் கொல்லவில்லை. காயத்தோடு அது இரவைக் கழித்தது. பத்து மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் அதன் கதை முடிந்தது. அந்த நெருக்கத்தால் சிங்கத்துக்குக் கிடைத்தது அதுதான்.

உயிரைப் பணயம் வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் உயிரை? நான் இந்தப் பதிலை எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான். பணம் கட்டி வருகிறவர் ஒருபோதும் தனியாக நடப்பதில்லை. அவருக்குப் பக்கத்தில் உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் பெரிய துப்பாக்கியோடு நிற்கிறார். விருந்தாளியின் குண்டு சரியாகப் படவில்லை என்றால் அடுத்த குண்டு அவருடையது. ஜிம்பாப்வேயில் அந்த உரிமத்துக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சியும் கடுமையான தேர்வும் உண்டு. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எருமையிடமும் யானையிடமும் உயிரை விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் முன்னால், கையில் ஒரு குச்சியோடு, தடம் பார்ப்பவர் நடக்கிறார்.

எருமை காயப்பட்டு உயரப் புல்லுக்குள் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டை உண்மையிலேயே ஆபத்தாவது அப்போதுதான். காயம்பட்ட எருமை, தான் வந்த தடத்தின் ஓரமாகவே மறைந்து நின்று காத்திருந்து பாயும் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். அதைத் தேடிப் போய் முடித்தாக வேண்டும், காயத்தோடு விடக்கூடாது என்பதுதான் வேட்டைக்காரர்களிடம் நான் மிகவும் மதிக்கும் அறம். விருந்தாளியை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போவதும் உண்டு. அப்போதும் தடம் பார்ப்பவர் போகத்தான் வேண்டும். புல் நுனியில் ரத்தம் எந்த உயரத்தில் பூசியிருக்கிறது, அது அடர்சிவப்பா, நுரைத்த இளஞ்சிவப்பா (நுரைத்திருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது) என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டே போகிறார். தரையைப் பார்க்கிறவரால் எதிரே பார்க்க முடியாது. தன் கண்ணைப் பின்னால் வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டு நடக்கிறார். இந்தத் துணிச்சலுக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர் அங்கே நிற்பது சிலிர்ப்புக்காக அல்ல. அது அவருடைய சம்பளம். பல இடங்களில், ரத்தம் ஒரு சொட்டு விழுந்தாலே, விலங்கு தப்பினாலும், விருந்தாளி முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். வேறொருவர் தவறவிட்ட குறிக்காகப் புல்லுக்குள் போகிறவரின் பயத்துக்கு அந்தக் கணக்கில் தனியாக எதுவும் எழுதப்படுவதில்லை.

குறளை எடுத்தீர்கள். அது படைச்செருக்கு அதிகாரத்தில் வருவது, போரைப் பற்றிப் பேசுவது. இன்னொன்றும் கவனியுங்கள், வள்ளுவர் சொல்வது யானையைக் கொன்ற வேல் அல்ல, ‘பிழைத்த வேல்’, குறி தப்பிய வேல். யானை உயிரோடு போகிறது. எதிரில் போய் நின்றதையே அவர் இனிது என்கிறார். நான் லுவாங்வாவிலிருந்து கொண்டுவந்ததும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோழி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. கூண்டில் திரும்பக்கூட இடமில்லாமல் வளர்ந்த கோழியைத் தின்கிற எனக்கு, காட்டில் சுதந்திரமாக வாழ்ந்து செத்த எருமையைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது என்மேல் உள்ள குற்றம். அதைச் சொல்லி வேட்டையாடுகிறவருடைய குற்றத்தைக் கழிக்க முடியாது.

வேட்டையில் வரும் காசு காட்டுயிரையும் ஊரையும் காக்கும் என்று சொல்வார்களே, அது வேறு விஷயம். அதில் நான் முன்பு இருந்த இடத்தில் இப்போது இல்லை. நமீபியாவில் 1996-ல் வந்த சட்டம் கிராம மக்களே தங்கள் நிலத்தின் காட்டுயிர்களைப் பேணி அதன் வருமானத்தை எடுத்துக்கொள்ள வழி செய்தது. வேட்டைக் கட்டணம் அவர்களுக்குப் போகிறது, இறைச்சி ஊருக்குப் பங்காகிறது. கென்யா 1977-ல் வேட்டையைத் தடை செய்தது. அதற்குப் பிறகும் அங்கே காட்டுயிர்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. தடைதான் காரணம் என்று சொல்ல முடியாது, வேலியும் மேய்ச்சலும் பெருகும் மக்கள்தொகையும் சேர்ந்து செய்தது. ஆனால் தடை மட்டும் காப்பாற்றவில்லை. போட்ஸ்வானா 2014-ல் தடை போட்டு 2019-ல் எடுத்தது. ஒரே இரவில் யானை ஒரு வருடத்துச் சோளத்தைத் தின்றுவிட்டுப் போன வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர், இந்த ஒரு கிழட்டு யானையை விற்றுக்கொள்கிறோம் என்று முடிவெடுத்தால், ஜாம்பியாவின் தலைநகர் லுசாக்காவிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ நாம் வேண்டாம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அது அவர்கள் முடிவு. அங்கே கொலைக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் காரணமாகவே அவர்கள் சொல்கிறார்கள். சுட்டவர் அதையே தன் வீரமாக ஊருக்குக் காட்டும்போதுதான் என்னால் ஏற்க முடியவில்லை. வேலிக்குள் வளர்த்த சிங்கத்தைத் தென்னாப்பிரிக்காவில் சுட்டுவிட்டுப் படம் போடுபவர்களைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

வீடியோக்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அடுத்த முறை பார்க்கும்போது, துப்பாக்கி தோளுக்கு ஏறும் நொடியில் நிறுத்திவிட்டு, படத்தின் ஓரத்தைப் பாருங்கள். அநேகமாக அங்கே ஒருவர் குந்தி உட்கார்ந்திருப்பார், கையில் குச்சியோடு. அவர் கண் எங்கே இருக்கிறது, காலில் என்ன போட்டிருக்கிறார் என்று பாருங்கள். பிறகு கடைசிவரை ஓடவிட்டு, விலங்கின் தலைக்குப் பின்னால் எல்லோரும் சிரித்து எடுத்துக்கொள்ளும் படத்தில் அவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்