ஹால் சுவத்துக்கு கோவிந்துவோட பூக்கள்

கேள்வி: புது வீட்டு ஹால்ல மாட்ட ரோஜா பிரிண்ட் ஒண்ணு பார்த்தேன். ரெடூடேனு ஒரு பழைய பூ ஓவியர் வரைஞ்சது, 200 வருஷத்து ஒரிஜினல்னு சொல்லி பெரிய விலை கேக்கறாங்க. நம்பலாமா? நம்ம ஊர் பூக்களை யாரும் இப்படி வரையலையா?
– வாசகி, கோவை

பதில்: முதல்ல ஒரு லென்ஸ் வெச்சுப் பாருங்க மேடம். ரெடூடேவோட ரோஜா புக் பாரீஸ்ல 1817லேர்ந்து 1824 வரைக்கும் பகுதி பகுதியா வந்தது, செம்புத் தகட்டுல பொடிப்பொடி புள்ளியா குத்தி, ஒரே தகட்டுல ஒவ்வொரு கலரையும் துணியால ஒத்தி அச்சடிச்சு, அப்புறம் பிரஷ்ஷால வாட்டர்கலர் டச்சப் பண்ணுவாங்க. அதனால ஒரிஜினல்லயும் புள்ளி இருக்கும், ஆனா அது இதழோட வளைவுக்கு ஏத்தாப்ல நெருங்கியும் கலைஞ்சும் போகும். இந்தக் கால ஆஃப்செட் மெஷின்ல அடிச்சதுன்னா நீலம், மஜெந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளி வரிசை கட்டி நிக்கும். அப்படித் தெரிஞ்சா அது ரீபிரிண்ட்தான். வரிசை தெரியலன்னாலும் உடனே பணத்தை எடுக்காதீங்க, விவரம் தெரிஞ்சவங்க கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

இதை கோவைலேர்ந்து நீங்க கேட்டதுதான் எனக்கு ரொம்ப சந்தோஷம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல ராபர்ட் வைட்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர், 1840கள்ல உங்க ஊர்லதான் பருத்தி சாகுபடி சோதனைகளைப் பார்த்துக்கிட்டே நம்ம செடிகளைப் பத்தி புக் புக்கா போட்டார். அவருக்கு வரைஞ்சு குடுத்தவங்க ரங்கையா, அப்புறம் கோவிந்துனு நம்ம தென்னிந்திய ஓவியர்கள். வைட்டோட 'ஐகோன்ஸ்'ங்கற புக்ல 2,100க்கு மேல படம் இருக்கு, ஆனா அது பெரும்பாலும் கலர் இல்லாத கோட்டுப் படம். கலர் வேணும்னா நீலகிரிச் செடிகளுக்குன்னே அவர் போட்ட 'ஸ்பிசிலீஜியம் நீல்கெரென்ஸ்' பாருங்க, கல் அச்சுல அடிச்சு கையால கலர் குடுத்தது. கோவிந்து மேல இருந்த மதிப்புல வைட் 1853ல ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியானு பேர் வெச்சார், இப்போ அந்தச் செடி வேற பேரினத்துக்குள்ள போயிடுச்சு. ரெடூடேவைத் தெரிஞ்சவங்களுக்குக்கூட கோவிந்து பேர் தெரியலங்கறது எனக்கு நிஜமாவே வருத்தம்.

என்னைக் கேட்டா ரோஜாவை விட்டுட்டு இந்த நீலகிரிச் செடிப் படத்தை மாட்டுங்க. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி சைட்ல இந்த புக்ஸ் ஸ்கேன் பண்ணி ஃப்ரீயா இருக்கு, காப்பிரைட்டும் எப்பவோ முடிஞ்சாச்சு. மேட் பேப்பர்ல பிக்மென்ட் இங்க்ல பிரிண்ட் போடச் சொல்லுங்க, பளபள பேப்பர் வேணாம், பழைய படத்தோட அழகே போயிடும். ஃப்ரேம் போடறப்ப ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு கேளுங்க, படம் கண்ணாடில ஒட்டக் கூடாது, வெயில் நேரா அடிக்கற சுவர்ல மட்டும் மாட்டிடாதீங்க.