செல்லுக்குள் யார் கையை யார் பிடிக்கிறார்கள்? – கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி: மைட்டோகாண்ட்ரியாவும் எண்டோபிளாச வலையும் பாடப் படத்தில் தனித்தனியாகத்தானே இருக்கின்றன?

படம் வரைகிறவர் வசதிக்காக அப்படி. நிஜத்தில் பல இடங்களில் 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளிவரை நெருங்கி நிற்கும். ஆனால் ஒன்றோடொன்று கலக்காது. அந்தச் சந்துக்குள்தான் கால்சியமும் கொழுப்பும் கைமாறுகின்றன.

எது பிடித்து வைத்திருக்கிறது?

இரு பக்கப் புரதங்கள். வலையின் பக்கம் வேப்-பி, மைட்டோகாண்ட்ரியா பக்கம் பிடிபிஐபி51.

ஆய்வக மாணவர்: கைனேஸ் நொதி இந்தப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டினால் பிடி இறுகுமா, தளருமா? இரண்டையும் படித்துக் குழம்பிவிட்டேன்.

குழம்பியது சரிதான், இரண்டுமே நடக்கிறது. வேப்-பியில் நேர்மின்னூட்டமுள்ள ஒரு பள்ளம் உண்டு. கூட்டாளிப் புரதத்தின் எஃப்ஃபாட் என்ற சிறு துண்டு அதில் போய் உட்காரும். பாஸ்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம் என்பதால் இறுகும் என்றுதான் தோன்றும். ஸ்டார்டி3 புரதத்தில் அப்படியேதான்: துண்டின் நடுவில் பாஸ்பேட் ஏறினால்தான் வேப்-பி அதைப் பிடிக்கும் (2020-இல் தெரியவந்தது). ஆனால் பெராக்சிசோம் என்ற இன்னொரு செல் உறுப்பில் இருக்கும் ஏசிபிடி5 புரதத்தைப் பாருங்கள். துண்டின் நடுவே 269-வது அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட் ஏறினால் பள்ளத்தில் பொருந்தாமல் கழன்றுவிடும். ஜிஎஸ்கே3 பீட்டா என்ற கைனேஸ் வலுத்தால் இந்தப் பிடி தளர்கிறது. அதே புரதத்தில் துண்டுக்குச் சற்று முன்னால் ஏறும் பாஸ்பேட்டோ பிடியை இறுக்குகிறது! ஆகவே 'பாஸ்பேட் என்றால் சேரும்' என்று மனப்பாடம் செய்யாதீர்கள். எந்த இடத்தில் ஏறியது என்று கேளுங்கள்.

ஒட்டிய பாஸ்பேட்டைத் திரும்பக் கழற்றுவது எது?

பாஸ்படேஸ் என்ற நொதி.

ஒரு வாசகர்: சித்தப்பாவுக்கு ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் நோய்). லித்தியம் இந்த ஜிஎஸ்கே3-ஐத் தடுக்குமாமே, கொடுத்துப் பார்க்கலாமா?

உங்கள் தவிப்பு புரிகிறது. தொடர்பும் கற்பனையல்ல. வேப்-பியின் 56-வது அமினோ அமிலமான புரோலின் செரினாக மாறினால் ஒரு வகைப் பரம்பரை ஏஎல்எஸ் வருகிறது; 2004-இல் பிரேசில் குடும்பங்களில் கண்டார்கள். அப்புறம் 2014-இல், டிடிபி-43 என்ற புரதம் மிகுந்தால் ஜிஎஸ்கே3 பீட்டா முடுக்கப்பட்டு, வேப்-பி, பிடிபிஐபி51 பிடி விட்டுப்போவதை ஆய்வகச் செல்களில் காட்டினார்கள்.

ஆனால் செல்லில் நடப்பது நோயாளியிடம் நடக்க வேண்டுமே. 2008-இல் இத்தாலியில் சிறிய குழு ஒன்றில் லித்தியம் பலன் தந்ததாகச் சொன்னார்கள். பின்னர் வந்த பெரிய சோதனைகளில் பலனே இல்லை. லித்தியத்தில் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி குறைவு, இரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடக்கூடாத மருந்து. வேண்டாம். சித்தப்பாவின் நரம்பியல் டாக்டரிடம் ரிலுசோல் என்ற ஏஎல்எஸ் மருந்து பற்றிக் கேளுங்கள், மூச்சுத் திறனை இப்போதே அளந்து பார்க்கவும் சொல்லுங்கள்.