'மரம்' சொல்லத் தெரியுமா?

கேள்வி: வயது 41. இரண்டு முறை பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து, மூன்றாம் மாதம் நின்றுவிட்டேன். ஏழெட்டு மொழி பேசுகிறவர்கள் எப்படித்தான் கற்கிறார்கள்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: நானும் வினைச்சொல் அட்டவணையோடு மல்லுக்கட்டித் தோற்றவன்தான். பன்மொழிக்காரர்கள் பலர் இலக்கணத்தை முடித்துவிட்டு மொழிக்குள் போவதில்லை. ஹங்கேரியின் மொழிபெயர்ப்பாளர் காட்டோ லோம்ப் (1909-2003) நாவலை எடுத்து, தெரியாத வார்த்தைக்கெல்லாம் அகராதியைப் புரட்டாமல் வாசித்துக்கொண்டே போவார்.

எனக்கு வழி திறந்தது தாம்பரம் மின்சார ரயிலில். பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி, பத்து நிமிடம். மாம்பலம் வருவதற்குள் மூன்று தடவை கேட்டு, கூடவே முணுமுணுப்பேன். எதிரே இருந்த பெரியவர் ஒருநாள், "என்ன தம்பி, ஜபமா?" என்றார்.

அப்படி முணுமுணுத்ததில்தான் பிடிபட்டது. பிரெஞ்சில் சில சொற்கள் மூக்கில் முடியும். பலர் அங்கேதான் மிரள்கிறார்கள். 'மரம்' என்று பேச்சுவழக்கில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி 'ம்'முக்கு உதடு மூடாது, ஒலி மூக்கோடு போய்விடும். அதேதான் இதுவும்! நீ, நீங்கள் போல அங்கே து, வூ. எண்பதை 'நாலு இருபது' என்பார்கள். நூறுக்குக் குறைந்த எண்ணுக்குள் 'நூறு' வைத்து 'தொண்ணூறு' சொல்லும் நாம் சிரிக்கக் கூடாது.

அந்தத் 'து'தான் கொஞ்சம் படுத்தும். உதட்டை 'ஊ'வுக்குக் குவித்து, உள்ளே 'ஈ' சொல்ல வேண்டும். கண்ணாடி முன் பழகுங்கள், வீட்டில் யாரும் இல்லாதபோது. மறுபடி முதல் பாடத்துக்குப் போகாதீர்கள். நின்ற இடத்திலிருந்தே தொடங்குங்கள்.