37 வயதில் தந்தையாவதைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 37, என் மனைவிக்கு 33. திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வேலையில் ஒரு நிலைக்கு வந்த பிறகு குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று பேசி வைத்துத் தள்ளிப்போட்டு வந்தோம். இன்னும் மூன்று ஆண்டுகள் பொறுக்கலாம் என்பது என் எண்ணம், மனைவிக்குத் தயக்கம். 'ஆணுக்கு வயது ஒரு தடையே இல்லை, அறுபதிலும் அப்பாவாகலாம்' என்கிறான் நண்பன். அது உண்மையா? ஆண் தந்தையாவதற்குச் சரியான வயது எது? விந்தணுவை உறைய வைத்துவிட்டுக் காத்திருக்கலாமா? முடி உதிர்வுக்கு ஆறு மாதங்களாக மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால் ஏதும் கெடுதல் வருமா?

பதில்: உங்கள் மூன்று ஆண்டுக் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். அது முடியும்போது உங்களுக்கு 40, உங்கள் மனைவிக்கு 36. இந்த இரண்டு எண்களில் எனக்கு அதிகக் கவலை தருவது 36தான். ஆண்களின் குழந்தைப்பேறு சிக்கல்களைப் பார்ப்பதே என் தொழில் என்றாலும், எதிரே உட்காரும் கணவரிடம் நான் முதலில் கேட்பது மனைவியின் வயதைத்தான். பெண் பிறக்கும்போதே அவளுடைய சூலகங்களில் பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பருவமடையும்போது மூன்று, நான்கு லட்சம்தான் மிஞ்சுகின்றன. புதிதாக ஒன்றுகூட உருவாவதில்லை. 35 வயதைத் தாண்டியதும் எண்ணிக்கையோடு தரமும் வேகமாகக் குறைகிறது. மனைவிக்குத் தயக்கம் என்று இரண்டே சொற்களில் கடந்துவிட்டீர்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. சார்லி சாப்ளினுக்குக் கடைசிக் குழந்தை 1962இல் பிறந்தபோது அவருக்கு 73 வயது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுவார்கள்: அப்போது அவருடைய மனைவி ஊனாவுக்கு 37தான் ஆகியிருந்தது, அதற்கு முன்பே அவர்களுக்கு ஏழு குழந்தைகள் இருந்தார்கள்.

ஆணின் உடலில் விந்தணு உற்பத்தி பருவ வயதில் தொடங்கி முதுமை வரை நிற்பதில்லை என்பது சரி. ஆனால் நிற்காமல் நடப்பது வேறு, பழுதில்லாமல் நடப்பது வேறு. விரைகளில் உள்ள மூல உயிரணுக்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 23 முறை பிரிகின்றன. 20 வயது ஆணின் விந்தணு சுமார் 150 பிரிவுகளைக் கடந்து வந்தது என்றால், 40 வயதுக்காரரின் விந்தணு 600க்கும் மேற்பட்ட பிரிவுகளைக் கடந்து வந்திருக்கும். ஒவ்வொரு பிரிவின்போதும் 300 கோடி எழுத்துகள் கொண்ட மரபுச் செய்தி முழுவதும் பிரதி எடுக்கப்படுகிறது. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதிய காலத்தில், எழுதுகிறவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் நூறு பிரதி தாண்டும்போது பாடபேதங்கள் புகுந்துவிடும் அல்லவா? அதேதான் இங்கும் நடக்கிறது.

இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் 78 குடும்பங்களில் தாய், தந்தை, குழந்தை ஆகியோரின் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், 20 வயதுத் தந்தை குழந்தைக்குப் புதிதாகத் தரும் பிறழ்வுகள், அதாவது மரபுச் செய்தியில் விழும் பிரதிப் பிழைகள், ஏறத்தாழ 25, 40 வயதுத் தந்தை தருபவை ஏறத்தாழ 65 என்று தெரிந்தது. அதாவது ஆண்டுக்கு இரண்டு கூடுகிறது. தாயிடமிருந்து வந்தவை 15 அளவில்தான் இருந்தன. படித்ததும் பதற வேண்டாம். இந்தப் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை எதையும் கெடுக்காத இடங்களில் விழுகின்றன. நானும் நீங்களும் இப்படிப் பல பிழைகளோடு பிறந்தவர்கள்தான்.

சில பிழைகள் மட்டும் விதிவிலக்கு. குட்டையான கை கால்களுடன் குழந்தை பிறக்கும் அகோண்ட்ரோபிளேசியா என்ற நிலை, ஒரு குடும்பத்தில் கடைசியாகப் பிறந்த பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவதை ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் 1912இலேயே கவனித்தார். காரணம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் துலங்கியது. இதற்குக் காரணமான பிறழ்வு எந்த மூல உயிரணுவில் ஏற்படுகிறதோ, அந்த உயிரணு பக்கத்தில் இருப்பவற்றைவிடச் செழித்துப் பெருகுகிறது. வயலில் களை பரவுவதைப் போல ஆண்டுக்கு ஆண்டு விரைக்குள் அதன் வாரிசுகள் இடம் பிடிக்கின்றன. என்றாலும் இது பல்லாயிரம் பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. அது சில மடங்கு கூடினாலும் அரிதாகவே இருக்கும்.

'மடங்கு', 'சதவீதம்' என்ற சொற்கள்தான் மக்களை அதிகம் பயமுறுத்துகின்றன. தந்தைக்கு 40 தாண்டியபின் பிறக்கும் குழந்தைகளுக்கு ஆட்டிசம், ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் ஆகியவற்றின் வாய்ப்பு சற்றுக் கூடுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் கூடுதல் முழுவதையும் வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது. தாமதமாக மணம் முடிக்கும் ஆண்களின் இயல்பிலேயே ஒரு பங்கு இருக்கக்கூடும். எப்படியிருந்தாலும், ஆயிரத்தில் பத்துப் பேருக்கு வரும் ஒன்று 50 சதவீதம் கூடினால் ஆயிரத்தில் பதினைந்து பேருக்கு வரும். மீதி 985 பேருக்கு வராது. அமெரிக்காவில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட பிறப்புப் பதிவுகளை அலசி 2018இல் வெளிவந்த ஆய்வில், தந்தைக்கு 45க்கு மேல் ஆகியிருந்தால் குறைப்பிரசவ வாய்ப்பு 14 சதவீதம் கூடியது. இந்த எண்ணையும் அதே கணக்கில்தான் படிக்க வேண்டும்.

நடைமுறையில் நான் அதிகம் பார்ப்பது வேறு இரண்டு. ஒன்று, கருத்தரிக்கவே நாளாவது. 40ஐத் தாண்டிய ஆணுக்கு விந்துவின் அளவும் விந்தணுவின் ஓட்டமும் குறைகின்றன. மனைவி இளையவராக இருந்தாலும் காத்திருக்கும் மாதங்கள் நீள்கின்றன. மற்றொன்று கருச்சிதைவு. கணவருக்கு 45 தாண்டிவிட்டால், மனைவியின் வயதால் வரும் பங்கைக் கழித்துப் பார்த்தாலும் கருச்சிதைவு வாய்ப்பு 40 சதவீதம் வரை கூடுகிறது. கரு கலைந்தால் பெண்ணிடம் மட்டும் சோதனை மேல் சோதனை செய்துவிட்டுக் கணவரை வரவேற்பறையில் உட்கார வைத்துவிடும் பழக்கம் மருத்துவர்களிடமே இருந்தது. இன்றும் முற்றிலும் போகவில்லை.

சரியான வயது எது என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள். உடலை மட்டும் பார்த்தால், இருபதுகளின் நடுவிலிருந்து 35 வரை என்பேன். 35 முதல் 40 வரை தனியாக அஞ்ச ஒன்றுமில்லை. 40 என்பது மருத்துவர்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட எல்லை. பல விந்து வங்கிகள் அந்த வயதுக்கு மேல் தானம் பெறுவதில்லை. அந்தப் பிறந்தநாளன்று எதுவும் இடிந்து விழாது. பெண்ணுக்கு இருப்பது படிக்கட்டு என்றால் ஆணுக்கு இருப்பது சரிவுப் பாதை. இறங்குவது தெரியாமல் இறங்குவோம். பதின்ம வயதில் தந்தையாவதும் உடலுக்கோ வாழ்க்கைக்கோ உகந்ததல்ல, ஆனால் அது உங்கள் கேள்வி அல்ல.

இனி உங்கள் மாத்திரைக்கு வருவோம். முடி உதிர்வுக்குத் தரப்படும் மாத்திரை பெரும்பாலும் ஃபினஸ்டரைடாக இருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அந்தச் சிறிய அளவில் பெரும்பாலான ஆண்களின் விந்தணுவுக்கு அது பெரிய கெடுதல் செய்வதில்லை. ஏற்கெனவே எண்ணிக்கை குறைவாக உள்ள சிலருக்கு மட்டும் இன்னும் கீழே இழுத்துவிடுகிறது. நிறுத்தினால் சில மாதங்களில் ஏறிவிடுகிறது. குழந்தைக்கு முயலும் காலத்தில் அதை நிறுத்திவைக்கச் சொல்வதே என் வழக்கம். எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உடைந்த மாத்திரையைக் கருவுற்ற பெண் கையால் தொடக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது வயிற்றில் உள்ள ஆண் சிசுவைப் பாதிக்கக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் 'சத்து' என்ற பெயரில் போடப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தொடாதீர்கள். ஆண்மை ஹார்மோன் என்பதால் விந்தணுவைக் கூட்டும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், உடலில் தேவையான அளவு இருக்கிறது என்று எண்ணி மூளை விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. கட்டளை இல்லாவிட்டால் உற்பத்தி இல்லை. எண்ணிக்கை பூஜ்யம் வரை இறங்கிவிடும். இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்து பார்த்திருக்கிறது. நிறுத்திய பிறகு மீள ஆறு மாதமோ ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். திரண்ட தோளும் வெறுமையான பரிசோதனை முடிவுமாக என் முன்னால் உட்கார்ந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

விந்துப் பரிசோதனை ஒன்றை இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். வலியில்லை, கூச்சம் மட்டும்தான். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் விந்து வெளியேறாமல் இருந்த பிறகு கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி லிட்டர், ஒரு மில்லி லிட்டரில் 1.6 கோடி விந்தணுக்கள், அவற்றில் அசைவுள்ளவை 42 சதவீதம், சரியான வடிவம் கொண்டவை 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்துத்தான் பலர் மனம் உடைந்து போகிறார்கள். நூற்றில் 96 கோணலாக இருப்பது இயல்பு என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. முடிவு எல்லைக்குக் கீழே வந்தாலும் ஒரே பரிசோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய மூன்று மாதங்கள் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல் இன்றைய எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். சில வாரங்கள் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் மருத்துவரிடம் நேரில் காட்டி, வெரிகோசீல் எனப்படும் விரைச் சிரை வீக்கம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். நூறு ஆண்களில் பதினைந்து பேருக்கு அது இருக்கும். குழந்தையின்மைக்காக வருகிறவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் இருக்கும். தேவையானால் அறுவை சிகிச்சையில் சரிசெய்ய முடியும்.

புகை பிடிப்பவரானால் நிறுத்துங்கள். எடை கூடியிருந்தால் குறையுங்கள். மடிக்கணினியை மடியில் வைக்காதீர்கள். விரைகளுக்கு உடலைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான வெப்பம் தேவை என்பதால்தான் அவை உடலுக்கு வெளியே தொங்குகின்றன. விலையுயர்ந்த 'விந்தணு பெருக்கும்' மாத்திரைகள் எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வில், துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சாப்பிட்ட ஆண்களுக்கு, சாப்பிடாதவர்களைவிட அதிகமாகக் குழந்தைகள் பிறந்துவிடவில்லை. ஃபோலிக் அமிலம் தேவைப்படுவது உங்கள் மனைவிக்கு. கருத்தரிக்க முயலும் முன்பே, குறைந்தது ஒரு மாதம் முன்னதாக, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் தொடங்கச் சொல்லுங்கள்.

இன்று முயலத் தொடங்கினால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மனைவிக்கு 35 ஆகும் முன் என்றால், ஓராண்டு இயல்பாக முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போனால் போதும். 36 வயதில் தொடங்கினால் ஆறே மாதத்தில் போக வேண்டும். சிக்கல் ஏதேனும் இருந்தால் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இப்போது அதிகம். வேலையில் ஒரு நிலைக்கு வருவது பற்றியும் ஒன்று: 40 வயதில் பிறக்கும் பிள்ளை கல்லூரியில் சேரும்போது உங்களுக்கு 58. பணத்தைக் காரணம் காட்டித்தான் தள்ளிப்போடுகிறீர்கள் என்றால், இந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

விந்தணுவை உறைய வைப்பது நல்ல தொழில்நுட்பம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கவிருக்கும் இளைஞர் எவரும் அதைச் செய்யாமல் சிகிச்சைக்குப் போகக்கூடாது என்பேன். உங்கள் நிலைமை அதுவல்ல. உருக்கும்போது ஒரு பகுதி விந்தணுக்கள் இறந்துவிடும். மிஞ்சுவதைப் பயன்படுத்தக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சையோ சோதனைக்குழாய் முறையோ தேவைப்படும். இயல்பாக நடக்கக்கூடியதற்கு எதற்கு இத்தனை சுற்று? அதோடு, இன்று உறைய வைத்தால் 40 வயதில் உங்களிடம் 37 வயதுக்குரிய விந்தணு இருக்கும். உங்கள் மனைவியிடம் 36 வயதுக்குரிய கருமுட்டைதான் இருக்கும்.