மார்பில் கட்டி தெரிந்த பிறகும் சிகிச்சை ஏன் தள்ளிப்போகிறது?

தருமபுரிப் பக்கம் மார்பகப் புற்றுநோய் ஏன் முற்றிய பிறகே தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரம்பத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை; ‘பால் கட்டியிருக்கும்’ என்று பத்துப் போட்டே மாதங்கள் ஓடிவிடும்.

பெரிய ஓட்டை அதற்கடுத்து. ஊசியால் திசு எடுத்துப் பார்க்காமலே கட்டியை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய சதையை உப்புநீரில் போட்டு வைத்தால் கெட்டுவிடும். சதையின் அளவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் மருந்துநீர், 10 சதவீதக் கரைசல்) உடனே போட வேண்டும்; ஊறும் நேரம் 6 மணிக்குக் குறையாமலும் 72 மணியைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். தவறினால் ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற சோதனைகளின் (கட்டி எந்த வகை என்று காட்டுபவை) முடிவுகள் பிசகும். எந்த மருந்து என்பதே அவற்றை வைத்துத்தான். சோதனைக்கூடத்தில் அந்தச் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையையும், அதைச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடையும் கேட்டு வாங்கி வையுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ பெங்களூரோ, சிகிச்சைக்கு எங்கே போனாலும் கேட்பார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் 21 நாளுக்கொருமுறை அரூரிலிருந்து கீமோவுக்குப் போனால், கூட வருபவரின் அன்றைய கூலியும் சேர்த்துப் போகும். அதை யார் தருவது? சிகிச்சை பாதியில் நிற்பது இங்கேதான்.

மருத்துவரை முதலில் பார்த்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் இலக்கு. ‘மாத்திரை போட்டுப் பார்க்கலாம்’ என்று மருத்துவர் சொன்னால், முதலில் பார்த்த அந்தத் தேதியைச் சீட்டிலேயே குறித்துவையுங்கள்.